சம்பளமில்லாப் பயிற்சிக்குச் சரி சொல்லலாமா? முடிவெடுக்க ஒரு முழு வழிகாட்டி

"மூணு மாசம் ட்ரெய்னிங். ஸ்டைபெண்ட் கிடையாது. பெர்ஃபார்மன்ஸ் பார்த்துட்டு எடுத்துக்குவோம்." படிப்பை முடித்து முதல் வேலை தேடும் பலர் நேர்காணலின் கடைசியில் கேட்கிற வார்த்தைகள் இவை. சொல்கிற இடம் ஓஎம்ஆரில் ஒரு மென்பொருள் கம்பெனியாக இருக்கலாம். அம்பத்தூரில் ஒரு பட்டறையாகவோ, திருப்பூரில் ஓர் ஏற்றுமதி அலுவலகமாகவோ, பக்கத்துத் தெரு அழகு நிலையமாகவோ இருக்கலாம். நாளைக்குள் பதில் சொல்லச் சொல்வார்கள். வீட்டில் "சும்மா இருக்கறதுக்கு இது தேவலையே" என்பார்கள். ஆனால் சும்மா இருப்பதைவிட இதற்கு அதிகம் செலவாகும். அந்தச் செலவு எவ்வளவு, அதற்கு ஈடாக என்ன கிடைக்கும், ஏமாந்தால் கையில் என்ன மிஞ்சும் என்பதைச் சேர்வதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. கீழே உள்ள வரிசையில் போனால் இரண்டு நாளில் முடிவெடுத்துவிடலாம். அந்த இரண்டு நாள் அவகாசத்தைக் கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள். அதைக்கூடத் தராத இடத்துக்கு மேற்கொண்டு எதையும் ஆராய வேண்டியதில்லை.

படி 1: இது எந்த வகைப் பயிற்சி?

ஒரே சொல்லால் ஐந்து வெவ்வேறு விஷயங்களைக் குறிப்பிடுகிறார்கள்.

முதலாவது, கைப்பக்குவம் பார்ப்பது. ஓட்டல் சமையலறை, தையல், பார்லர் போன்ற இடங்களில் சில மணி நேரம் அல்லது ஒரு நாள் செய்துகாட்டச் சொல்வார்கள். அதில் தப்பில்லை. "ஒரு வாரம் வந்து பாருங்க" என்றால் அது இலவச வேலை.

இரண்டாவது, வேலை உறுதியான பிறகு தரும் பயிற்சி. ஆஃபர் லெட்டர் கொடுத்து, சேர்ந்த தேதியும் போட்டுவிட்டார்கள் என்றால் முதல் நாளிலிருந்தே சம்பளம் ஓட வேண்டும். ஏற்கெனவே வேலையில் இருப்பவரை ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்குக் கூப்பிடுவதும் இதில்தான் வரும். வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தினால் அது வேலை நேரம்.

மூன்றாவது, ஆஃபர் கொடுத்துவிட்டு, சேரும் தேதியைச் சொல்லாமல் வீட்டிலிருந்தே மாதக்கணக்கில் ஆன்லைன் பாடமும் தேர்வும் வைப்பது. மென்பொருள் துறையில் இது அதிகம். இதில் பணம் பெரிதாகப் போகாது, காலம்தான் போகும். அதனால் மற்ற இடங்களில் வேலை தேடுவதை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது.

நான்காவது, மூன்று முதல் ஆறு மாதம் வரை சம்பளமில்லாமல் வைத்திருந்து, பிறகு "பார்க்கலாம்" என்பது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் இதைப் பற்றித்தான்.

ஐந்தாவது, பயிற்சிக்கு நீங்களே பணம் கட்டுவது. டெபாசிட், ரெஜிஸ்ட்ரேஷன், லேப்டாப் செக்யூரிட்டி, பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். வேலை கொடுப்பவர் வேலைக்கு வருபவரிடம் பணம் வாங்க ஒரு நியாயமும் கிடையாது. ஏற்கெனவே ஆன்லைனில் கட்டி ஏமாந்திருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். சீக்கிரம் கூப்பிட்டால் பணம் கைமாறுவதற்குள் நிறுத்த வாய்ப்பு உண்டு.

படி 2: உங்கள் கையால் யாருக்கு வருமானம்?

நான்காவது வகை என்றால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: நாளைக்கு நான் வராவிட்டால் அவர்களுடைய அன்றாட வேலை எதாவது நிற்குமா?

நிற்கும் என்றால் நீங்கள் அங்கே வேலையாள். வாடிக்கையாளரின் அழைப்பை எடுப்பது, வாடிக்கையாளர் பதிவுசெய்த உண்மையான புகாரை ("டிக்கெட்") முடிப்பது, பில் போடுவது, ஆர்டருக்கான பீஸ் தைப்பது, முடி வெட்டிப் பணம் வாங்குவது எல்லாம் வேலை. பக்கத்தில் ஒருவர் நின்று அவ்வப்போது திருத்துகிறார் என்பதால் அது பயிற்சி ஆகிவிடாது. மாறாக, போலி டேட்டாவில் பழகுவது, கழித்துப் போட்ட துணியில் தைத்துப் பார்ப்பது, தினம் இவ்வளவு நேரம் என்று பாடம் நடப்பது, செய்ததைச் சொல்லித்தருபவர் கலைத்துவிட்டு மறுபடி செய்யவைப்பது எல்லாம் பயிற்சி. உண்மையான பயிற்சியில் அவர்களுக்குத்தான் நேரம் வீணாகும். அதனால்தான் எந்த நிறுவனமும் அதை மாதக்கணக்கில் இழுக்க விரும்பாது. முதல் பத்து நாள் பாடம், மீதி எண்பது நாள் "லைவ் ப்ராஜெக்ட்" என்றால் எண்பது நாள் இலவச உழைப்பு என்று அர்த்தம்.

படி 3: சட்டம் எங்கே நிற்கிறது?

"ட்ரெய்னிக்குச் சம்பளம் கொடுக்கணும்னு சட்டம் இல்லை" என்று ஹெச்ஆர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே யாருக்கும் கொடுக்கக் கூடாது என்கிறது. ஊழியர் என்பதன் விளக்கத்திலிருந்து அது விலக்கி வைத்திருப்பது 1961ஆம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டத்தின்படி எடுக்கப்பட்ட பழகுநர்களை. ஒரு நிறுவனம் தானாக "ட்ரெய்னி" என்று பெயர் சூட்டுவதால் அந்த விலக்கு கிடைத்துவிடாது. 1982இல், டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பழகுநர் சட்டப்படி எடுத்தாலும் பணம் உண்டு. ஒப்பந்தம் அரசின் இணையதளத்தில் பதிவாக வேண்டும். 2019இல் திருத்திய விதிகள் படிப்புக்கு ஏற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்ச உதவித்தொகை வைத்தன. இன்றைய தொகையை அதே தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஆக, "இது அப்ரெண்டிஸ்ஷிப்" என்று சொன்னால் "ஒப்பந்தப் பதிவு எண் தருவீர்களா?" என்று கேளுங்கள். பதில் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

சம்பளமில்லாமல் பழகுவதே மரபு என்று சொல்லிவந்த வழக்கறிஞர் தொழிலில்கூட நிலைமை மாறுகிறது. இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் கிடைக்க வழிசெய்யும்படி 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலுக்குச் சொன்னது.

சட்டம் இப்படி இருந்தும் நடப்பது வேறு என்பதை மறைக்க முடியாது. பயிற்சி என்ற பெயரில் உழைப்பைச் சுரண்டுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. நூற்பாலைகளில் இளம்பெண்களைப் பழகுநர் என்று மூன்றாண்டு வைத்து, முடிவில் மொத்தமாகப் பணம் தருவதாகச் சொன்ன சுமங்கலித் திட்டத்தின் கதை எல்லோருக்கும் தெரியும். நடுவில் உடம்பு முடியாமல் போனவர்கள் அந்த மொத்தப் பணத்தை இழந்தார்கள். "முடிச்சதும் சேர்த்துத் தரோம்" என்ற பேச்சு எங்கே வந்தாலும் எச்சரிக்கையாகுங்கள்.

படி 4: கம்பெனியைச் சோதியுங்கள்

வீட்டிலிருந்தே அரை மணி நேரத்தில் முடிகிற வேலை இது. பலர் கூகுள் ரிவ்யூவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கீழே உள்ளவை அதைவிட நம்பகமானவை.

பிரைவேட் லிமிடெட் என்றால் 21 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு பதிவு எண் இருக்கும். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பெயரைப் போட்டால் வரும். அதை இடமிருந்து வலமாகப் படியுங்கள்: முதல் எழுத்து, பங்குச்சந்தையில் பட்டியலிட்டதா இல்லையா என்பது. அடுத்த ஐந்து எண்கள் தொழில் வகை. பிறகு மாநிலத்துக்கான இரண்டு எழுத்துகள். அதற்கடுத்த நான்கு எண்கள்தான் நமக்கு முக்கியம். கம்பெனி பதிவான ஆண்டு அது. "பதினஞ்சு வருஷமா இண்டஸ்ட்ரில இருக்கோம்" என்றவர்களின் எண்ணில் 2024 என்று இருந்தால் அவர்களிடமே விளக்கம் கேளுங்கள்.

அடுத்து வருங்கால வைப்பு நிதி அமைப்பின் தளம். அதில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால், மாதாமாதம் எத்தனை பேருக்கு எவ்வளவு பிஎஃப் கட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கலாம். "இருநூறு பேர் வேலை பார்க்கிறாங்க" என்ற இடத்தில் ஒன்பது பேருக்கு மட்டும் பணம் கட்டியிருந்தால் மீதிப் பேர் யார்? பெரும்பாலும் உங்களைப் போன்ற "ட்ரெய்னி"கள்தான்.

மூன்றாவது, முன்பு பயிற்சிக்குப் போனவர்கள். லிங்க்ட்இனில் கம்பெனி பெயரோடு "ட்ரெய்னி", "இன்டர்ன்" என்று தேடி, அங்கே மூன்றே மாதம் இருந்துவிட்டுப் போனவர்களாகப் பார்த்து இரண்டு பேரிடம் பேசுங்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: "உங்க பேட்ச்ல எத்தனை பேர், எத்தனை பேரை எடுத்தாங்க?" இந்த எண் அடுத்த படியில் தேவைப்படும்.

படி 5: கணக்குப் போடுங்கள்

ஓர் எடுத்துக்காட்டு. சென்னையில் மாதம் 15,000 ரூபாய் வேலை இப்போதே கிடைக்கிறது. இன்னோர் இடம் மூன்று மாதம் சம்பளமில்லாப் பயிற்சி, பிறகு 22,000 என்கிறது. பயிற்சிக்குப் போனால் விட்டுக்கொடுப்பது 45,000 ரூபாய். பிறகு மாதம் 7,000 கூடுதல். 45,000ஐ 7,000ஆல் வகுத்தால் ஆறரை மாதம். பயிற்சியையும் சேர்த்தால் கிட்டத்தட்ட பத்தாவது மாதத்தில்தான் விட்ட பணம் திரும்பும். மோசமில்லை என்றுதான் தோன்றும்.

ஆனால் இது வேலை நிச்சயம் என்றால் மட்டும். பேட்ச்சில் பாதிப் பேரைத்தான் எடுக்கிறார்கள் என்றால் கூடுதலை 3,500 என்றே வைத்துக் கணக்கிட வேண்டும். பயிற்சிக்குப் பிறகு பதின்மூன்று மாதம் ஆகும். நாலில் ஒருவரை என்றால் 1,750. இரண்டு வருடம் தாண்டிவிடும். அதற்குள் சம்பளத்தோடு வேலை கற்றவருக்கு இன்க்ரிமென்ட்டும் அனுபவச் சான்றும் வந்திருக்கும். எங்கள் அளவுகோல் இது: பயிற்சி தொடங்கிய நாளிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் பணம் திரும்பாத ஏற்பாடு வேண்டாம்.

இதோடு கையிருப்புக் கணக்கு ஒன்று தனியாக உண்டு; பலர் சறுக்குவது இதில்தான். சாப்பாட்டோடு பிஜி (பணம் கட்டித் தங்கும் இடம்) 7,500, பஸ், ரயில் 1,500, போன் 500, மற்றவை 1,500 என்றால் மாதம் 11,000 ரூபாய். மூன்று மாதம் என்பதால் 33,000 போதும் என்று கிளம்பிவிடுகிறார்கள். முதல் சம்பளம் நான்காவது மாத வேலை முடிந்த பிறகுதான் கைக்கு வரும். ஆகவே நான்கு மாதச் செலவு 44,000, பிஜி அட்வான்ஸ் ஒரு மாதம் 7,500, மொத்தம் 51,500. பயிற்சி ஒரு மாதம் நீண்டால் இன்னும் 11,000. இந்தப் பணத்தை மூணு வட்டிக்கு வாங்கினால் 50,000க்கு மாதம் 1,500 வட்டி மட்டுமே போகும். கடன் வாங்கித்தான் போக வேண்டும் என்றால் போகாதீர்கள். கடன் இருக்கிறவரால் பாதியில் எழுந்து வர முடியாது. அது முதலாளிக்கும் தெரிந்துவிடும்.

படி 6: கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்

போனில் சொன்னது சாட்சிக்கு ஆகாமல் போகும். பேசி முடித்த அன்றே ஹெச்ஆருக்கு மெயிலோ வாட்ஸ்அப்போ அனுப்புங்கள். இப்படி எழுதலாம்:

"வணக்கம் மேடம். இன்று பேசியதை உறுதிப்படுத்திக்கொள்ள எழுதுகிறேன். பயிற்சி இந்தத் தேதியில் தொடங்கி இந்தத் தேதியில் முடியும். தினம் இத்தனை மணி நேரம். சொல்லித்தருபவர் இன்னார். தேர்ச்சி பெற்றால் மாதச் சம்பளம் கையில் இவ்வளவு, பிஎஃப் பிடித்தம் தனி. தேர்வு முறையும் தேர்ச்சி மதிப்பெண்ணும் இவை. பயிற்சிக் காலமும் அனுபவக் கடிதத்தில் சேரும். இதில் மாற்றம் இருந்தால் தெரிவியுங்கள்."

"இந்தத் தேதி", "இவ்வளவு" என்று விட்ட இடங்களை நிரப்ப அவர்களிடம் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். முடியும் தேதியும் தேர்ச்சி மதிப்பெண்ணும் இல்லாத பயிற்சி முடியவே முடியாது. "கிளையண்ட் ப்ராஜெக்ட் வரட்டும்" என்று தள்ளிக்கொண்டே போவார்கள். சம்பளத் தொகையை "சிடிசி" (உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு) என்று மட்டும் சொன்னால் கைக்கு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.

போக்குவரத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்குமாவது கொடுக்க முடியுமா என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது. மாதம் 5,000 ரூபாய் கொடுக்க ஒத்துக்கொள்கிற நிறுவனம், உங்களை எடுக்கும் எண்ணத்தோடு இருக்கிறது என்று ஓரளவு நம்பலாம்.

இயந்திரம் உள்ள இடம் என்றால், மின் பிரஸ்ஸையோ லேத்தையோ தொடுவதற்கு முன் "எனக்கு அடிபட்டால் எந்தக் காப்பீடு?" என்று கேளுங்கள். பெயர் பதிவேட்டில் இல்லாத ஆளுக்கு இஎஸ்ஐ அட்டை இருக்காது. விரல் போன பிறகு "இவர் எங்க ஆளே இல்லை" என்று சொல்வது அவர்களுக்குச் சுலபம்.

படி 7: எதில் கையெழுத்துப் போடக் கூடாது

அசல் சான்றிதழ்களைக் காட்டலாம்; கொடுத்துவிட்டு வரக் கூடாது. சரிபார்த்ததும் நகலை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். "ரிலீவ் ஆகும்போது தருவோம்" என்றால் அந்தச் சான்றிதழ்தான் அவர்கள் கையில் இருக்கும் பிணை. அடுத்த வேலைக்கான சரிபார்ப்பில் அது இல்லாமல் நீங்கள் தவிப்பீர்கள்.

தொகை எழுதாத செக் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். அதில் இஷ்டப்பட்ட தொகையை எழுதி வங்கியில் போட்டு, பணமில்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவில் உங்கள்மேல் குற்ற வழக்கு வரும். வெற்று முத்திரைத்தாளுக்கும் இதே பதில்தான்.

பாண்டு, அதாவது இத்தனை காலத்துக்குள் விலகினால் இவ்வளவு பணம் கட்டுவேன் என்று எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் பற்றி இரண்டு தவறான பேச்சுகள் உலவுகின்றன. "பாண்டெல்லாம் செல்லாது, தைரியமா போடு" என்பது ஒன்று. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்றாண்டுக்குள் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. ஆகவே பயந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். "பாண்டில் எழுதிய தொகையை அப்படியே கட்டியாக வேண்டும்" என்பது மற்றொன்று. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவுப்படி நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். எழுதிய தொகை அதன் உச்சவரம்பு. சம்பளமே தராமல், பயிற்சிக்கு என்ன செலவழித்தோம் என்றும் காட்டாமல், லட்சக்கணக்கில் கேட்பவரின் வழக்கு பலவீனமானது. இருந்தாலும் சம்பளமில்லாப் பயிற்சியும் பாண்டும் சேர்ந்து வந்தால் எங்கள் பதில் வேண்டாம் என்பதுதான். பாண்டுக் காலம் பயிற்சி முடிந்த பிறகுதான் தொடங்கும் என்ற ஒரு வரி சின்ன எழுத்தில் இருக்கும், அதையும் தேடிப் படியுங்கள்.

படி 8: எப்போது சரி சொல்லலாம்

கல்லூரிப் பாடத்திட்டத்தின் பகுதியாக, கல்லூரியின் கடிதத்தோடு போகும் சில வார இன்டர்ன்ஷிப்பை ஏற்கலாம். வீட்டிலிருந்தே போய்வரும் தூரம், நான்கு வாரத்துக்கு மேல் போகாதது, வேறு இடத்தில் பணம் கொடுத்தாலும் கற்க முடியாத கை வேலை, தினமும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரும் ஆள் என்று நான்கும் சேர்ந்தால் அதுவும் நல்ல பேரம்தான். பாண்டு இல்லாமல், பாதியில் விலகினாலும் சான்று தருவோம் என்று எழுதிக் கொடுத்தால் தயங்க வேண்டியதில்லை.

கற்பிப்பது வெறும் மென்பொருள் பாடம் என்றால் ஸ்வயம், என்பிடெல் தளங்களில் இலவசமாகப் படிக்கலாம். தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். தமிழ்நாட்டு அரசின் நான் முதல்வன் திட்டத்திலும் பயிற்சிகள் உண்டு. டிப்ளமோ, டிகிரி முடித்தவர்கள் சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழில் பழகுநர் பயிற்சி வாரியத்தின் அறிவிப்புகளைப் பாருங்கள். உதவித்தொகையோடு பெரிய நிறுவனங்களில் ஓராண்டு பழகலாம்.

படி 9: சேர்ந்துவிட்டால்

முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் தேதி, வந்த நேரம், போன நேரம், செய்த வேலை, சொன்னவர் பெயர் என்று ஒரு வரி எழுதுங்கள். ஷிப்ட் போட்ட வாட்ஸ்அப் செய்திகள், அடையாள அட்டையின் போட்டோ, வருகைப் பதிவின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். வாடிக்கையாளர் விவரங்களையும் கம்பெனி கோப்புகளையும் உங்கள் மெயிலுக்கு அனுப்பாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருக்க, அதை வைத்தே உங்கள்மேல் புகார் கொடுப்பார்கள்.

பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் சம்பளம் வாங்காத ட்ரெய்னிக்கும் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். புகாரைச் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள்.

நிறுத்தும் தேதியை உள்ளே போவதற்கு முன்பே காலண்டரில் குறித்து, வீட்டில் ஒருவரிடமும் சொல்லி வையுங்கள். உள்ளே போன பிறகு "இன்னும் பதினைந்து நாள்தானே" என்று மனது சமாதானம் சொல்லும். இத்தனை நாள் போட்டதை விட மனசு வராமல் இன்னும் இரண்டு மாதம் போடுகிறவர்கள் ஏராளம். சொன்ன தேதி தாண்டியும் வேலைக்கான கடிதம் வரவில்லை என்றால், "பயிற்சிக் காலம் இன்றோடு முடிந்தது, தொடர வேண்டுமென்றால் சம்பளத்தோடு நியமனக் கடிதம் தாருங்கள்" என்று மெயில் அனுப்பிவிட்டு நின்றுகொள்ளுங்கள்.

படி 10: வேலை வாங்கிவிட்டுப் பணம் தராவிட்டால்

முதலில் நாள் கணக்கோடு ஒரு மெயில்: இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை இன்ன வேலை செய்தேன், குறைந்தபட்ச ஊதியப்படி இவ்வளவு வர வேண்டும், ஏழு நாளுக்குள் தாருங்கள். உங்கள் தொழிலுக்கான தொகை தமிழ்நாடு தொழிலாளர் துறையின் தளத்தில் இருக்கும். பலருக்கு இந்த மெயிலிலேயே பேச்சு வார்த்தை தொடங்கிவிடுகிறது. பதில் இல்லையென்றால் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில், நோட்டின் நகலையும் செய்திகளின் அச்சையும் இணைத்து மனு கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். புதிய சட்டப்படி மூன்றாண்டுக்குள் கோரலாம். பாக்கியோடு, அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் இடமுண்டு. வேலை செய்தீர்கள் என்பது நிலைநாட்டப்பட்டால், பணம் கொடுத்ததை நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு. அதனால்தான் அந்த ஒரு வரி நோட்டை வலியுறுத்துகிறோம்.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கூப்பிடுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அவர்களின் அலுவலகம் இருக்கும்; மனு எழுதவும் அங்கேயே உதவுவார்கள்.